உயிரோடிருக்கும் பூமிநாதன் சம்பந்திக்கு எழுதிக்கொண்டது

உச்சிப்புளி
பங்குனி 9, திங்கட்கிழமை

மண்டபத்தில் இருக்கும் மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய சம்பந்தி வேல்ராஜ் அவர்களுக்கு, பூமிநாதன் பணிவோடு வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரம் நாகஜோதியும் இரண்டு பசுக்களும் குலசாமி புண்ணியத்தில் சௌக்கியம். இதில் என்னைப் பற்றிய பகுதி மட்டும் சந்தேகத்துக்குரியது, அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மருமகள் சிநேகாவும், பிறந்து இருபத்தாறு நாளாகியும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேரனும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நான் போனில் பேசினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பது தங்களுக்கே தெரியும். கல்யாணப் பேச்சின்போது தங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொன்ன விஷயம், மறுநாள் காலை எங்கள் ஊர் டீக்கடையில் எனக்கே திரும்பி வந்தது. நாகஜோதியோ அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாலும் கொல்லையில் நிற்கும் என் போனில் அந்தப் பக்கத்து ஆள் மூச்சு விடுவதுவரை கேட்டுவிடுவாள். ஆகவே கூட்டுறவு சொசைட்டிக்கு மனு எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, தோட்டத்து மோட்டார் ரூமில் உரமூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு மண்டபம் வருகிற சலாஹுதீன் இதைத் தங்கள் கையிலேயே கொடுப்பான். அங்கே இருக்கிற என் மகன் பிரபாகரன் கண்ணில் படாமல் படிக்கவும்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் விசேஷத்தில் என் பேரனுக்குப் பூமிநாதன் என்று பெயர் வைப்பதாக முடிவாகியிருக்கிறதாம். அதைத் தாங்கள் எப்படியாவது தடுக்க வேண்டும். தன் பெயரைப் பேரனுக்கு வைக்காதே என்று மன்றாடுகிற தாத்தாவை இந்த ஜில்லாவில் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் வகையறாவில் இந்தப் பெயர் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் தாங்களே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவீர்கள்.

எங்கள் முன்னோர் வழியில் ஒரு அம்மாளுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்து ஆறும் தொட்டிலிலேயே போய்விட்டன. ஏழாவதைச் சுமந்துகொண்டிருக்கையில், ராமேசுவரத்துக்கு நடந்து போன ஒரு பண்டாரம் வாசலில் நின்று மோர் கேட்டார். குடித்துவிட்டு, "ஆத்தா, இது ஆம்பளப் புள்ள. பூமிநாதன்னு ஈசன் பேர வையி. பூமி அவன விடாது" என்றார். அந்தம்மாள் காலில் விழுந்தாள். அவர் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "ஆனா ஒரு நேரத்துல ஒருத்தனுக்குத்தான். அவன் இருக்கையில வீட்டுல இன்னொருத்தனுக்கு வச்சீகன்னா, பூமி பழைய ஆளத் தள்ளி விட்ரும்" என்றும் சொன்னாராம். இந்த இரண்டாவது பகுதியை மோர் குடிப்பதற்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தம்மாள் வேறு பெயர் கேட்டு வாங்கியிருப்பாள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் பூமிநாதன் தொண்ணூற்றொரு வயது இருந்தார். பூமி அவரை விடவில்லை. கடைசிப் பத்து வருஷம் அவரே விடச் சொல்லிக் கேட்டும் விடவில்லை. அவர் போன பதினாலாம் நாள் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் போயிற்று. அந்த இரண்டாம் பூமிநாதன்தான் ஒற்றைப் பனைமரத்துக்காகப் பங்காளியோடு ராமநாதபுரம் கோர்ட்டில் பதினெட்டு வருஷம் வழக்காடி ஜெயித்தவர். மரம் பதினோராவது வருஷமே காற்றில் விழுந்துவிட்டது. வழக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் இரண்டு கட்சியும் அதை வக்கீலிடம் சொல்லவில்லை. அவருக்கு அடுத்தவர், என் அய்யாவுக்குப் பெரியப்பா முறை. காசிக்கு மூன்று தடவை புறப்பட்டு மூன்று தடவையும் மதுரையோடு திரும்பியவர். கேட்டால், அதற்கு மேல் இட்லி சரியில்லை என்பார். இந்த மூன்று பேருக்கும் பெருமை சொல்லிக்கொள்ள அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தர் இடத்தைக் காலி செய்த பிறகுதான் அடுத்தவர் வந்தார் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

நாலாவது நான். என் விஷயத்தில்தான் முறை தவறியது. நான் பிறந்தபோது அந்தக் காசிக்காரப் பெரியவருக்கு எண்பத்தாறு வயது, இரண்டு வருஷமாகப் படுக்கை. அவர் இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லாரும் சொன்னதை நம்பி, என் அய்யா எனக்கு இந்தப் பெயரைத்தான் வைப்பது என்று முடிவு செய்து, ஊருக்கெல்லாம் சொல்லி, சமையலுக்கு ஆளும் பேசிவிட்டார். பெரியவர் போகவில்லை. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், இலையும் போட்டாகிவிட்டது. வேறு பெயரும் யாருக்கும் தோன்றவில்லை. வைத்துவிட்டார்கள். பெரியவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சரியாக முப்பத்தேழாம் நாள் போய்விட்டார். எண்பத்தாறு வயது, இரண்டு வருஷப் படுக்கை, அன்று காலை யார் பேச்சையும் கேட்காமல் சாப்பிட்ட பலாப்பழம், இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை. அவருடைய சம்சாரம் எனக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை என்னைக் கண்டால், "இந்தா வாரான்ல, எம் புருசன அனுப்பி வச்சவன்" என்றுதான் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வேன். இதை நான் நாகஜோதியிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால்தான் எனக்கு மகன் பிறந்தபோது வகையறாப் பெயரை வைக்க விடவில்லை. நான் உயிரோடு இருந்தேன். நாகஜோதி தனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியாருடைய பெயரை வைத்தாள், பிரபாகரன் ஆனான். இந்தக் கதையை அவனுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த பிள்ளை, நான் இருக்கும்போதே இந்தப் பெயரை எடுத்துத் தன் மகனுக்கு வைக்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாசி நாலாந்தேதி களத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பிடி பிடித்தது. விடுமுறையில் வந்திருந்த பிரபாகரன் காரில் தூக்கிப்போட்டு ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனான், நாகஜோதியும் கூட வந்தாள். மாரில் ஒயரை ஒட்டி எடுத்தார்கள், குழாய்க்குள் தள்ளி எடுத்தார்கள். பிறகு டாக்டர் என்னை உட்கார வைத்துவிட்டு அவனை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவன் மூன்று தடவை தலையாட்டினான், ஒரு தடவை நெற்றியைத் தடவினான். உள்ளே வந்து, "ஒண்ணுமில்லப்பா, வெறும் கேஸ்" என்றான். வெறும் கேஸுக்கு எதற்குப் பத்து நிமிஷம் என்று வழி நெடுகக் கேட்டேன். வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

ஒன்பதாம் நாள் பேரன் பிறந்தான். சந்தோஷத்தில் நெஞ்சுப் பிடியை மறந்தே போனேன். பயிர் எடுக்கிற சமயம் என்பதால் உடனே வர முடியவில்லை, அதற்காகத் தாங்கள் மன்னிக்க வேண்டும். எட்டு நாளைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிரபாகரன் குரல் கேட்டது. "பேரு பூமிநாதன்னே முடிவு பண்ணியாச்சும்மா. அப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு." செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன். பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்ன விஷயமாக இருக்கும், தாங்களே யோசித்துப் பாருங்கள். நல்ல செய்தியை யாராவது பக்குவமாகச் சொல்வார்களா.

நாகஜோதி இன்றுவரை சொல்லவில்லை. அவள் நடத்தைதான் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக உப்பைக் குறை, காரத்தைக் குறை என்று என்னை வதைத்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் நண்டு வாங்கி வந்தாள். நானே பயந்துபோய், "டாக்டரு வேணாம்னாரே" என்றேன். "அட, ஆசப்பட்டதச் சாப்பிட்டுக்கங்க" என்றாள். முப்பத்துநாலு வருஷக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நண்டு ருசியாகத்தான் இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது, அது வேறு.

பொறுக்க முடியாமல் வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். பூமிநாதன், ஊர் உச்சிப்புளிப் பக்கம் என்றேன். தட்டிப் பார்த்துவிட்டு, "அய்யா, பூமிநாதன் மூணு பேரு இருக்காக. நீங்க எந்தப் பூமிநாதன்?" என்றாள். மாசி மாதம் வந்தவன் என்றேன். ஒன்றைத் திறந்தாள். முகம் மாறியது. "ஒங்களுக்கு எடது கால எடுத்திருக்குன்னு போட்ருக்கே அய்யா" என்றாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் குனிந்து பார்த்தேன், இரண்டும் இருந்தது. அவளும் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். இரண்டாவது பூமிநாதனுக்கு வயது ஏழு. மூன்றாவது பூமிநாதனைப் போன வருஷமே மதுரைக்கு அனுப்பிவிட்டார்களாம். நாலாவதாக ஒருத்தன் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை. "நீங்க இங்கன வந்ததா ரெக்கார்டே இல்லையே அய்யா" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். என் கண் முன்னாலேயே ஒயரை ஒட்டி எடுத்ததற்கு ரெக்கார்டு இல்லை என்றால், பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த பூமிநாதனுக்காக இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்றும் தோன்றியது. ஆஸ்பத்திரிக்கும் எங்கள் வகையறாப் பண்டாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், ஸ்டுடியோ வைத்திருக்கிற நெய்னா முகம்மது கூப்பிட்டான். "அண்ணே, நல்ல வேள வந்தீக. பிரபாகரன் தம்பி ஒங்க படத்த வாட்ஸ்அப்புல அனுப்பிப் பெருசாப் போடச் சொல்லிருக்காரு. இந்த அழுக்குச் சட்டையோட இருக்கட்டுமா, வெள்ளச் சட்ட போட்டு விட்ரவா?" உள்ளே போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முழுக்க என் முகம். களத்தில் மிளகாய்க்கு நடுவில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த படம். எதற்காம் என்று கேட்டேன். "பிளக்ஸ் போர்டுக்குண்ணே. மேட்டர அப்புறம் அனுப்புறேன்னுட்டாரு." நம் பக்கத்தில் பிளக்ஸ் போர்டு எதற்கெல்லாம் வைக்கிறோம் என்பது தங்களுக்குத் தெரியும். காதுகுத்துக்கும் அதே போர்டுதான், கண்ணீர் அஞ்சலிக்கும் அதே போர்டுதான், படம் ஒன்று, எழுத்துத்தான் வேறு. நெய்னா முகம்மது என் தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம் போட்டுக் காட்டி, "இப்புடி வச்சா சாமி மாதிரி இருப்பீகண்ணே" என்றான். நான் அந்த வெளிச்சத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, சட்டை அழுக்காகவே இருக்கட்டும் என்று சொல்லி வந்துவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டால் எல்லாம் முடிந்துபோகும் என்று ஒரு பயம்.

சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலு நாளாகத் தூக்கமில்லை. நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அந்த இடமே வலிக்கிறது. கிணற்று மோட்டார் எப்படிப் போட வேண்டும் என்று பிரபாகரனுக்குத் தெரியாது, மேற்குப் பக்க வேலி யாருடையது என்று தெரியாது. என் பேரன் முகம் எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கலாம் என்றால், பார்த்த மாத்திரத்தில் பெயர் மாறிக்கொள்ளுமோ என்று ஒரு நினைப்பு. அறுபத்து மூன்று வயதுக்காரன் முப்பது நாள் பிள்ளைக்குப் பயந்து மோட்டார் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே தாங்கள் எனக்காகச் செய்ய வேண்டியது, டாக்டர் அந்தப் பத்து நிமிஷம் என்ன சொன்னார் என்பதைப் பிரபாகரன் வாயிலிருந்து நைசாக வரவழைத்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். மாமனார் கேட்டால் அவன் மறைக்க மாட்டான். அடுத்து, என்ன ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்தப் பெயர் வேண்டாம். மருமகளுக்கும் அதில் சங்கடம்தான். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பெண், தெருவில் ஓடுகிற பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவாள், எப்படித் திட்டுவாள். இக்காலத்துப் பெயர் எது வைத்தாலும் எனக்குச் சம்மதம். எனக்கு வாயில் நுழையாவிட்டாலும் பழகிக்கொள்கிறேன். தங்கள் பக்கத்துப் பெயர் ஏதாவது இருந்தால் அதையே வையுங்கள். தங்களைப் போல நிதானமும் பெருந்தன்மையும் உள்ள சம்பந்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். சிநேகா குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காமல் இருக்கட்டும். பேரன் பேரும் புகழுமாக, பூமிநாதன் தவிர வேறு எந்தப் பெயரோடாவது, நூறு வயது இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இதை எழுதும் இந்த நேரம்வரை,
தங்கள் அன்புள்ள
பூமிநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கையில் நாகஜோதி டீயோடு மோட்டார் ரூமுக்கு வந்துவிட்டாள். "சொசைட்டிக்கு ஏழு பக்கத்துக்கா மனு எழுதுவாக" என்று பிடுங்கிப் படித்தாள். மாட்டுக் கொட்டகை வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு உட்கார்ந்து சிரித்தாள். ஆஸ்பத்திரியில் பிரபாகரன் வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது கவுண்டரில் சீட்டுப் போட்டது அவள்தானாம். "ஒங்க பேர நான் எப்புடிச் சொல்லுவேன்? பிரபாகரன் அப்பான்னு சொன்னேன், அந்தப் புள்ள அப்புடியே எழுதிக்கிருச்சு" என்றாள். பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்து காட்டினாள். 'திரு. பிரபாகரன் அப்பா, கேஸ்' என்றுதான் இருக்கிறது. டாக்டர் பத்து நிமிஷம் பேசியது அவருடைய தம்பிக்குப் பிரபாகரன் கம்பெனியில் வேலை கிடைக்குமா என்று. பிளக்ஸ் போர்டு வெள்ளிக்கிழமை விசேஷத்துக்காம், இரண்டு தாத்தா படமும் போடுகிறார்களாம். நண்டு எதற்கு என்றால், பக்குவமாகச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எதைப் பக்குவமாகச் சொல்ல என்று கேட்டேன். "அது ஒங்க பேரு இல்லங்க. சிநேகா தாத்தா பேரு, அவருக்கும் இதே பேருதான். ஒங்க மனசு கோணுமேன்னுதான் ஆளாளுக்கு முழிச்சுக்கிட்டு இருக்கோம். வேற வீட்டுல இருந்து வர்ற பேரு, அதுனால பண்டாரம் சொன்னது ஒங்கள ஒண்ணும் பண்ணாது. கவலப்படாம டீயக் குடிங்க" என்றாள்.

போன வைகாசியில் தங்கள் தகப்பனார் காலமானபோது மூன்று நாள் அங்கேயே தங்கிப் பந்தல்காரனோடு சண்டை போட்டவன் நான். ரயில்வே டேஷனில் கொடி காட்டியவர் என்பதால் ஊரே அவரை டேஷன் அய்யா என்றது. போஸ்டரிலும் அப்படித்தான் போட்டிருந்தீர்கள். பெயர் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையில் இருந்திருக்கும், அதில் நான் எங்கள் பக்கத்துப் பெயர்களை மட்டும்தான் படித்தேன்.

டீயைக் குடித்தேன். அரை மணி நேரம் நிம்மதியாகவும் இருந்தேன். அதற்குப் பிறகுதான் யோசனை வந்தது. பையன் வளர்ந்து, எனக்கு ஏன் இந்தப் பேரு என்று ஒரு நாள் கேட்பான். சிநேகா சுவரில் பச்சைக்கொடியோடு நிற்கிற தங்கள் தகப்பனார் படத்தைக் காட்டுவாள். அதற்குக் கீழே நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன், தலையிலிருந்து கால்வரை பூமிநாதனாக, ஒருத்தரும் என் பக்கம் கை காட்ட மாட்டார்கள். டேஷன் அய்யா தங்கமான மனிதர்தான். ஆனால் இது என்னால் முடியாது, சம்பந்தி.

ஆகவே மேலே எழுதிய ஏழு பக்கத்தையும் வாபஸ் வாங்குகிறேன். கிழிக்க மனம் வரவில்லை, படித்துவிட்டுத் தாங்களே கிழித்துவிடவும். பெயர் பூமிநாதன்தான். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நான் அங்கே இருப்பேன். காதில் பெயர் சொல்லப் போகிற அத்தைக்காரி என் மகள் முருகேஸ்வரி. ஒவ்வொரு தடவையும் 'உச்சிப்புளிப் பூமிநாதன் பேரன் பூமிநாதன்' என்று சொல்லும்படி இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், நாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும். அதனால் பூமி என்னைத் தள்ளிவிடும் என்றால் தள்ளிவிட்டுப் போகட்டும். நான் செத்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு இருப்பது என் பெயராக இருக்க வேண்டும்.